மிஸ் கவனிக்கிறாரா? ஆசிரியரின் அக்கறையும் பிள்ளையின் ஈடுபாடும்

மொரீஷியஸில் ஒவ்வொரு ஜனவரியிலும் சத்தமில்லாமல் ஒரு கசிவு நடக்கிறது. பிரைமரியில் ஆறு வருடம் தமிழ் படித்த பிள்ளை, கொலேஜில் (இங்கே இடைநிலைப் பள்ளிக்கு அதுதான் பேர்) ஏழாம் கிரேடு சேரும்போது விருப்பப் பாடமாக வேறு எதையோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஏன் என்று கேட்டால் "கஷ்டம்", "எதுக்கு உதவும்?", "கூட்டாளிங்க யாரும் எடுக்கல" என்று மூன்று பதில்தான். பெரியவர்கள் இதைக் கேட்டுவிட்டு இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மொழிப்பற்று இல்லை என்று முடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் பயிற்சி வகுப்புகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் ஒரு வாசகம் சுற்றி வருகிறது: "ஆசிரியர் அக்கறை காட்டினால் பிள்ளை தானாகப் படிக்கும்."

இந்த வாசகம் பாதி உண்மை, அதனாலேயே குழப்புகிறது. பெற்றோருக்கு அது 'சிரித்துப் பேசுகிற மிஸ் கிடைத்தால் போதும்' என்று கேட்கிறது. ஆசிரியருக்கோ 'பிள்ளை படிக்காததற்கு நீதான் காரணம்' என்று கேட்கிறது. இரண்டும் தப்பு. அக்கறை என்று எதைச் சொல்கிறோம், அது பிள்ளையின் மண்டைக்குள் என்ன செய்கிறது, எது வரைக்கும் செய்கிறது என்று அடியிலிருந்து பார்த்தால்தான் அந்த வாசகத்தில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று தெரியும்.

ஈடுபாடு: ஒரே சொல், மூன்று விஷயம்

"வகுப்பில் ஈடுபாடு இல்லை" என்று ரிப்போர்ட்டில் எழுதினால் அது எதைக் குறிக்கிறது? 2004-ல் ஜெனிஃபர் ஃப்ரெட்ரிக்ஸ், ஃபிலிஸ் புளூமென்ஃபெல்ட், ஆலிசன் பாரிஸ் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்தார்கள். இன்றைக்கும் பெரும்பாலான ஆய்வுகள் இந்தப் பிரிவை வைத்துத்தான் பேசுகின்றன.

1. நடத்தை சார்ந்தது. வருகிறதா, உட்கார்ந்திருக்கிறதா, வீட்டுப்பாடம் செய்கிறதா.
2. உணர்வு சார்ந்தது. வகுப்பு பிடிக்கிறதா, பயமா, சலிப்பா, இது நம்ம இடம் என்ற நினைப்பு இருக்கிறதா.
3. சிந்தனை சார்ந்தது. புரியாததைப் புரிந்துகொள்ள முட்டி மோதுகிறதா, இல்லை கரும்பலகையில் உள்ளதை அப்படியே நோட்டில் ஏற்றிவிட்டு மூடிவிடுகிறதா.

நம்ம ஊர் வகுப்புகளில் ஏமாற்றுவது முதலாவதுதான். பிள்ளை அமைதியாக இருக்கிறது, நோட்டு சுத்தமாக இருக்கிறது, கையெழுத்து அழகு. உயிரெழுத்து பன்னிரண்டையும் வரிசை தப்பாமல் எழுதிவிடும். ஆனால் 'ஈ'யை மட்டும் தனியாகக் காட்டி என்ன எழுத்து என்று கேட்டால் மேலே பார்க்கும். நடத்தையில் நூற்றுக்கு நூறு, சிந்தனையில் பூஜ்யம். இந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் தொந்தரவு தராத பிள்ளை. ஏழாம் கிரேடில் முதலில் தமிழை விடுவதும் பெரும்பாலும் இந்தப் பிள்ளைதான்.

அக்கறை: கொடுத்தால் போதாது, போய்ச் சேர வேண்டும்

நெல் நாடிங்ஸ் என்ற அமெரிக்கக் கல்வித் தத்துவ அறிஞர் 1984-ல் அக்கறை பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். கணித ஆசிரியராக இருந்தவர், 2022-ல் காலமானார். அவர் சொன்னதில் நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அக்கறை என்பது ஓர் ஆளின் குணம் இல்லை, இரண்டு பேருக்கு நடுவே நடக்கிற விஷயம். ஒருவர் கவனிக்கிறார், மற்றவர் 'நம்மைக் கவனிக்கிறார்' என்று உணர்கிறார். இந்த இரண்டாவது பாதி நடக்கவில்லை என்றால் வட்டம் பூர்த்தியாகாது.

ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்து முப்பது நோட்டு திருத்துகிற ஆசிரியர் இருக்கிறார். அவர் மனதில் அது அத்தனையும் அக்கறை. காலையில் நோட்டைத் திறக்கிற பிள்ளைக்குத் தெரிவது சிவப்பு மை மட்டும்தான். ஆசிரியர் உழைத்தது உண்மை, ஆனால் பிள்ளைக்கு அது வந்து சேரவில்லை. இதில் ஆசிரியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'நான் எவ்வளவு பாடுபடுகிறேன், இதுங்களுக்கு நன்றியே இல்லை' என்று அவர் நினைப்பதும், 'இந்த மிஸ்ஸுக்கு என்னைப் பிடிக்காது' என்று பிள்ளை நினைப்பதும் ஒரே நோட்டிலிருந்துதான் பிறக்கின்றன.

சரி, பிள்ளைகளுக்கு எது அக்கறையாகத் தெரிகிறது? கேத்ரின் வென்ட்ஸல் 1997-ல் வெளியிட்ட ஆய்வு இதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. 248 மாணவர்களை ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பின்தொடர்ந்தார். ஆசிரியர் தங்கள்மேல் அக்கறையாக இருக்கிறார் என்று உணர்ந்த பிள்ளைகளிடம் படிக்கும் முனைப்பு கூடுதலாக இருந்தது. அந்தப் பிள்ளைகளின் பழைய மதிப்பெண், மனக்கஷ்டம், முந்தைய முனைப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இந்தத் தொடர்பு நின்றது. அக்கறையான ஆசிரியர் எப்படி இருப்பார் என்று பிள்ளைகளையே கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில்களைத் தொகுத்தால் ஏறக்குறைய இப்படி வரும்:

1. காது கொடுத்துக் கேட்பார். எல்லோரையும் நியாயமாக நடத்துவார்.
2. ஆளுக்குத் தகுந்தபடி எதிர்பார்ப்பார். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் போட மாட்டார், அதற்காக யாரையும் கைகழுவவும் மாட்டார்.
3. தன் பாடத்தையே அக்கறையாக நடத்துவார். பெரியவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தயாரித்து வந்து, விளங்கும்படி சொல்லி, போரடிக்காமல் பார்த்துக்கொள்வதையே பிள்ளைகள் 'எங்கள்மேல் அக்கறை' என்று எடுத்துக்கொள்கிறார்கள்.
4. தப்பைத் தப்பு என்று மட்டும் சொல்லி விடாமல், எப்படிச் சரி செய்வது என்று சொல்வார்.

இந்தப் பட்டியலில் சாக்லேட் இல்லை. பிறந்தநாள் வாழ்த்து இல்லை. அதெல்லாம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, பிள்ளைகள் அதை முதலில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடக்கிறது

இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: "மிஸ், மோ பான் கொம்ப்ரான்." மிஸ், எனக்குப் புரியவில்லை. இந்தத் தீவில் எந்த வகுப்பிலும் ஒரு நாளைக்குப் பல தடவை சொல்லப்பட வேண்டிய வாக்கியம், மிக அரிதாகவே சொல்லப்படுகிறது. காரணம், அதைச் சொல்வதற்கு ஒரு விலை உண்டு. பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். மிஸ் "இப்பதானே சொன்னேன்" என்பார். தனக்கு மண்டையில் ஒன்றும் ஏறாது என்று பிள்ளையே தன்னைப் பற்றி நினைத்திருந்தால், வாயைத் திறந்தால் அது ஊருக்கே தெரிந்துவிடும்.

மொரீஷியஸில் இந்த விலை இன்னும் கொஞ்சம் அதிகம். வீட்டில் கிரியோல். தொலைக்காட்சியில் பெரும்பாலும் பிரெஞ்சு. 1957-ஆம் ஆண்டுக் கல்வி விதிகளின்படி கீழ்வகுப்புகளைத் தாண்டியதும் பயிற்றுமொழி ஆங்கிலம், பரீட்சைத் தாளும் ஆங்கிலத்தில். கிரியோல் ஒரு விருப்பப் பாடமாகப் பள்ளிக்குள் வந்ததே 2012-ல்தான். இதற்கு நடுவே நாலாவது மொழியாகத் தமிழ், 247 எழுத்தோடு. கணக்கு புரியவில்லை என்று சொல்லவே ஒரு மொழி தேட வேண்டிய பிள்ளை, 'ழ' வாயில் வரவில்லை என்று எந்த மொழியில் சொல்லும்? கிரியோலில் அந்த ஒலியே கிடையாது. அது பிள்ளையின் சோம்பல் இல்லை, நாக்குக்கு அந்த இடம் பழக்கமில்லை. அந்த நேரத்தில் ஆசிரியர் முகம் சுளித்தால் அடுத்த முறை பிள்ளை வாயை மட்டும் அசைத்து மற்றவர்கள் குரலுக்குள் ஒளிந்துகொள்ளும். சேர்ந்து வாசிக்கச் சொல்லும்போது பின்வரிசையில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

ஆசிரியரின் அக்கறை முதலில் இந்த விலையைத்தான் குறைக்கிறது. கேட்டால் திட்டு விழாது, சிரிப்பு வந்தால் மிஸ் அடக்குவார், இன்னொரு தடவை வேறு விதமாகச் சொல்லித் தருவார் என்று பிள்ளைக்கு நம்பிக்கை வந்தால் கேட்கும். கேட்டால் புரியும். புரிந்தால் செய்து பார்க்கும். அறிவு கூடியதால் ஈடுபாடு வந்ததா, ஈடுபாடு வந்ததால் அறிவு கூடியதா என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் வளர்த்த 'சுயநிர்ணயக் கோட்பாடு' இதையே வேறு கோணத்தில் சொல்கிறது. மனிதனுக்கு மூன்று அடிப்படைத் தேவை: என்னால் முடியும் என்ற உணர்வு, நானாக விரும்பிச் செய்கிறேன் என்ற உணர்வு, நான் இங்கே ஒருவருக்கு வேண்டியவன் என்ற உணர்வு. மூன்றும் கிடைக்கிற இடத்தில் வெளியிலிருந்து தள்ளாமலே ஆள் உழைப்பான். ஆசிரியரின் அக்கறை நேரடியாகத் தொடுவது மூன்றாவதை. ஆனால் நல்ல முறையில் திருத்துவது முதலாவதையும், காது கொடுத்துக் கேட்பது இரண்டாவதையும் தொடுகின்றன.

இனி கசப்பான பகுதி. எலன் ஸ்கின்னர், மைக்கேல் பெல்மான்ட் இருவரும் 1993-ல் 14 ஆசிரியர்களையும் அவர்களிடம் மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படித்த 144 பிள்ளைகளையும் ஒரு கல்வியாண்டு முழுக்கக் கவனித்தார்கள். ஆசிரியரின் ஈடுபாடு பிள்ளையின் ஈடுபாட்டை வளர்த்தது, எதிர்பார்த்ததுதான். எதிர்த்திசையிலும் அதே நடந்தது: ஆர்வமாக இருக்கிற பிள்ளைக்கு ஆசிரியர் நாளாக நாளாக இன்னும் அதிகமாகக் கொடுத்தார். ஒதுங்கி இருக்கிற பிள்ளைக்குக் கிடைத்ததோ, அது இன்னும் ஒதுங்கும்படியான பதில்கள். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. கை தூக்குகிற பிள்ளையின் பக்கம்தான் கண் போகும். பசித்தவனுக்குப் போக வேண்டிய சோறு, சாப்பிட்டு முடித்தவன் இலையிலேயே விழுகிற மாதிரி.

ஆக, இயல்பாக விட்டால் அக்கறை தேவைப்படாத இடத்துக்கே போகும். 'நான் எல்லாப் பிள்ளையையும் ஒரே மாதிரித்தான் பார்க்கிறேன்' என்று மனதார நம்புகிற ஆசிரியரும் இதில் மாட்டுவார்.

எவ்வளவு உதவும்?

2011-ல் டெபோரா ரோர்டா என்ற டச்சு ஆய்வாளரும் அவர் குழுவும், ஆசிரியர்–மாணவர் உறவு பற்றிய 99 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். நல்ல உறவுக்கும் ஈடுபாட்டுக்கும் உள்ள தொடர்பு நடுத்தரம் முதல் பெரிது வரை. மதிப்பெண்ணோடு உள்ள தொடர்பு சிறியது முதல் நடுத்தரம் வரை. அதாவது அக்கறை பிள்ளையை வகுப்பில் நிறுத்தும், முயற்சி செய்ய வைக்கும், மார்க்கை நேரடியாக அள்ளிக் கொட்டாது. நடுவில் பாடம் நடக்க வேண்டும்.

அதே ஆய்வில் பலரும் எதிர்பார்க்காத ஒன்று: வயது கூடக் கூட உறவின் தாக்கம் பொதுவாகக் கூடுகிறது. சின்னப் பிள்ளைக்குத்தான் அன்பு வேண்டும், கொலேஜ் போனதும் பாடத்தை நடத்தினால் போதும் என்கிற நினைப்புக்கு இது நேர் எதிர். ஆனால் மோசமான உறவு செய்கிற கேடு பிரைமரியில்தான் பெரிது. பின்தங்கும் ஆபத்தில் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு திசையிலும் தாக்கம் அதிகம்.

இவையெல்லாம் பெரும்பாலும் தொடர்பைக் காட்டுகிற ஆய்வுகள், எது எதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல இவை போதாது. அதற்குச் சோதனை வேண்டும். டேவிட் யேகர் குழு 2014-ல் வெளியிட்ட ஒரு சோதனை சின்னது, ஆனால் கூர்மையானது. அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் எழுதிய கட்டுரைகளை ஆசிரியர்கள் வழக்கம்போலத் திருத்தினார்கள். திருப்பித் தரும்போது பாதிப் பேர் தாளில் ஒரு சீட்டு: உன்னிடம் நான் எதிர்பார்ப்பது அதிகம், அதை உன்னால் எட்ட முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இந்தக் குறிப்புகளை எழுதியிருக்கிறேன். மீதிப் பேருக்கு வெறும் பொதுவான வரி. எந்தப் பிள்ளைக்கு எந்தச் சீட்டு என்று ஆசிரியருக்கே தெரியாது. கட்டுரையைத் திருத்தி எழுத விருப்பமிருந்தால் எழுதலாம் என்றார்கள். கறுப்பின மாணவர்களில் பொதுவான சீட்டு கிடைத்தவர்களில் 17 சதவீதம்தான் திருத்தி எழுதினார்கள். மற்றச் சீட்டு கிடைத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல். பள்ளிமேல் நம்பிக்கை குறைந்திருந்த பிள்ளைகளிடம்தான் பலன் கூடுதல்.

சிவப்பு மை குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திருத்தங்கள் அதேதான். மாறியது, அந்தச் சிவப்பை பிள்ளை எப்படிப் படித்தது என்பது.

"பாவம்" என்று விடுவது

அக்கறை என்ற பெயரில் அதிகம் நடக்கிற கேடு இதுதான் என்று நினைக்கிறேன், அதுவும் நல்ல மனசுக்காரர்களால். அப்பா இல்லாத பிள்ளை, பாவம். வீட்டில் கஷ்டம், கேள்வி கேட்க வேண்டாம். தமிழ்தானே, விருப்பப் பாடம், நாலு மார்க் கூடப் போட்டுவிடுவோம். பிள்ளைக்கு இது எப்படிப் போய்ச் சேருகிறது? 'மிஸ் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை' என்று. இதைப் பிள்ளைகள் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அலாஸ்காவில் பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆசிரியர்களை எழுபதுகளில் ஆராய்ந்த ஜூடித் க்ளைன்ஃபெல்ட், நன்றாகக் கற்பித்தவர்களிடம் இரண்டு குணம் சேர்ந்து இருந்ததைப் பார்த்தார்: முகத்தில் கனிவு, வேலையில் விடாப்பிடி. கனிவு மட்டும் இருந்தவர்களின் வகுப்பில் பாடம் ஓடவில்லை. விடாப்பிடி மட்டும் இருந்தவர்களின் வகுப்பில் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. நம்ம பாட்டிமார்களில் இரண்டும் சேர்ந்த ரகம் ஏராளம், ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை.

எதிர்முனையில் பிரம்பு. "அடியாத மாடு படியாது" என்று தமிழில் பழமொழி, கிரியோலில் பிரம்புக்கே 'ரோத்தான் பஸார்' என்று பேர். கண்டிப்பும் அக்கறைதானே என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. சட்டம் இதில் தெளிவு: பள்ளியில் அடிக்கக் கூடாது, 2020-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பள்ளிக்கு வெளியேயும் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், மேலே பார்த்த கணக்கிலேயே இது நிற்காது. அடி நடத்தையைச் சரி செய்யும், கொஞ்ச நேரத்துக்கு. 'மோ பான் கொம்ப்ரான்' என்று சொல்கிற விலையை அது வானத்துக்கு ஏற்றிவிடும்.

லெசோன்: காசு கொடுத்து வாங்கிய கவனம்

மொரீஷியஸில் அக்கறை பற்றிப் பேசிவிட்டு லெசோனைத் தொடாமல் போனால் அது பாதிப் பேச்சு. பள்ளி முடிந்ததும் காசு கொடுத்துப் படிக்கிற தனிவகுப்பு. இங்கே 1977-லிருந்து இடைநிலைக் கல்வி இலவசம், 2005-லிருந்து பதினாறு வயது வரை கட்டாயம். இலவசக் கல்விக்குப் பக்கத்திலேயே காசுக் கல்வி ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2011-ல் சட்டத்தைத் திருத்தி அன்றைய நாலாம் வகுப்பு வரை தனிவகுப்பைத் தடை செய்தார்கள். அதற்கு மேல் வழக்கம் வழக்கமாகவே இருக்கிறது.

இங்கே காசைவிட முக்கியமான ஒன்று உண்டு. பகலில் வகுப்பெடுக்கிற அதே ஆசிரியரிடம் மாலையில் லெசோன் போகிற பிள்ளையும், போகாத பிள்ளையும் மறுநாள் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். ஆசிரியர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், லெசோன் பிள்ளையின் பெயர், பலவீனம், வீட்டு நிலவரம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. மற்றப் பிள்ளை அவருக்கு ஒரு நோட்டு. போகாத பிள்ளை இதைப் பார்த்து என்ன முடிவுக்கு வரும்? கவனம் என்பது விலைக்கு விற்கிற சாமான், நம்ம வீட்டில் அதற்குக் காசு இல்லை. ஆசிரியர் அப்படி நினைக்காவிட்டாலும் வட்டத்தின் இரண்டாவது பாதி அறுந்துவிடுகிறது.

லெசோனுக்குப் பிள்ளைகள் விரும்பியே போவதற்கும் இதே காரணம் உண்டு. அங்கே கூட்டம் குறைவாக இருந்தால் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், கேள்வி கேட்கலாம். பெற்றோர் மார்க்குக்காகக் கொடுக்கிற காசில் ஒரு பகுதி உண்மையில் கவனத்துக்குப் போகிறது.

இதை அமைப்பாகச் செய்து பார்த்த முயற்சியும் இங்கே உண்டு. தேர்ச்சி மிகக் குறைவாக இருந்த பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து 2000-களின் தொடக்கத்தில் 'ஸெப்' என்ற முன்னுரிமைக் கல்வி வட்டாரத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு உண்டு, பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே போய் வருவதற்கென்றே ஆள் உண்டு. நேற்று ஏன் வரவில்லை என்று வீட்டுக்கே வந்து கேட்க ஓர் ஆள் இருப்பது சாதாரண விஷயம் இல்லை.

மாறாக 2018-ல் தொடங்கிய நீட்டிப்புத் திட்டத்தைப் பாருங்கள். பிரைமரி முடிவில் எழுதுகிற பி.எஸ்.ஏ.சி. தேர்வில் தேறாத பிள்ளைகளைக் கொலேஜில் தனி வகுப்பாக வைத்து, மற்றவர்கள் மூன்று வருடத்தில், ஒன்பதாம் கிரேடில், எழுதுகிற அதே என்.சி.இ. தேர்வுக்கு நாலு வருடத்தில் தயார் செய்வது யோசனையாக இருந்தது. முதல் அணியில் தேறியவர்கள் மிகச் சிலரே. 'தேறாதவர்கள் வகுப்பு' என்று எல்லோருக்கும் தெரிகிற ஒரு தனி அறைக்குள் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, உன்னிடம் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன் என்று ஆசிரியர் சொன்னால் பிள்ளை எதை நம்பும்?

தமிழ் வகுப்பின் நிலைமை வேறு

மொழிப் பாட நேரம் வந்ததும் பிரைமரி வகுப்பு சிதறும். இந்தி ஒரு பக்கம், உருது ஒரு பக்கம், தெலுங்கு, மராத்தி, கிரியோல், தமிழ். கணக்கும் ஆங்கிலமும் எடுக்கிற பொது ஆசிரியர் நாள் முழுக்கப் பிள்ளையோடு இருக்கிறார். தமிழாசிரியருக்குக் கிடைப்பது ஒரு பீரியட், அதிலும் எண்ணிக்கை குறைவான பள்ளியில் இரண்டு கிரேடு ஒன்றாக உட்காரும்.

இங்கே மொழிப் பாடம் என்றாலே மார்க்கும் அரசியலும்தான் பேச்சு. 1995-ல் ஆறாம் வகுப்புத் தேர்வின் தரவரிசையில் ஆசிய மொழி மதிப்பெண்ணைச் சேர்ப்பதற்கான அரசியல் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் தோற்று, சபையே கலைக்கப்பட்டுத் தேர்தல் வந்தது. ஆட்சியில் இருந்தவர்கள் 60–0 என்று தோற்றார்கள். மொழி எத்தனை மார்க்குக்குச் சமம் என்று ஒரு தலைமுறையே சண்டை போட்டது. அந்த வகுப்பில் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

கணக்கு பிடிக்காவிட்டாலும் பிள்ளை கணக்கை விட முடியாது. தமிழை விடலாம். வீட்டில் பேசுவதில்லை, தெருவில் பேசுவதில்லை, கோவிலில் தேவாரமும் காவடிப் பாட்டும் உண்டு, ஆனால் பொருள் தெரியாமலே பாடிவிட முடியும். ஆகவே பத்து வயதுப் பிள்ளைக்குத் தமிழில் பேசிப் பதில் எதிர்பார்க்கிற ஒரே ஆள் அநேகமாக அந்த ஆசிரியர்தான். அவரோடு உறவு இருந்தால் மொழியோடு உறவு இருக்கும். மொழிப்பற்று இல்லை என்று பிள்ளையைக் குறை சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வகுப்பில் செய்யக்கூடியது

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஆய்வுகளிலிருந்து நேரடியாக வருகிற சில:

1. வராத பிள்ளையைக் கவனித்ததைச் சொல்வது. "ஏன் வரல?" என்பது விசாரணை. "நேத்து உன்னைக் காணோமே, நேத்து நடத்தினது இதுதான், வா காட்டுறேன்" என்பது அக்கறை. இரண்டுக்கும் ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

2. நோட்டில் சிவப்பு மைக்குக் கீழே ஒரு வரி. பத்துத் தப்பையும் சுழிக்காமல், இந்த வாரம் குறில் நெடில் மட்டும் பார்ப்போம் என்று ஒன்றை எடுத்து, அடுத்த வாரம் அதையே திரும்பப் பார்ப்பது. திரும்பப் பார்ப்பதுதான் முக்கியம். முதல் தடவை திருத்துவது கடமை என்று பிள்ளைக்குத் தெரியும். போன வாரம் எழுதியதை ஞாபகம் வைத்து "இந்தத் தடவை 'கீ' சரியா வந்திருக்கு" என்று சொன்னால், அது தனக்கென்றே சொல்லப்பட்டது என்றும் தெரியும்.

3. யார் யாரோடு அந்த வாரம் பேசினோம் என்று வெள்ளிக்கிழமை பேர்ப் பட்டியலில் குறி போட்டுப் பார்ப்பது. ஸ்கின்னர், பெல்மான்ட் சொன்ன சறுக்கலுக்கு இதுதான் மருந்து. குறி விழாத பேர்கள் வாரா வாரம் அதே பேர்களாக இருக்கும்.

4. பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவது. பையில் இருக்கிற ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்து இருக்கிறது. தன் குடும்பப் பேரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும், ஏனென்றால் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நசுங்கிப்போன அந்தப் பேருக்கு உள்ளே ஒரு தமிழ்ப் பேர் இருக்கிறது.

5. 'ழ' வராத பிள்ளையிடம், இது உனக்கு மட்டும் இல்லை, தமிழ்நாட்டிலேயே பலருக்கு வராது என்று சொல்வது. உண்மையும்கூட.

பெற்றோர் பக்கம் ஒன்றே ஒன்று. "எத்தனை மார்க்?" என்பதோடு "இன்னைக்கு மிஸ் உன்கிட்ட என்ன கேட்டாங்க?" என்றும் கேட்டுப் பார்க்கலாம். பல நாள் தொடர்ந்து "ஒண்ணும் கேட்கல" என்று பதில் வந்தால், அதை எடுத்துக்கொண்டு ஆசிரியரோடு சண்டைக்குப் போகாமல் பேசப் போக வேண்டும். பிள்ளைக்கு எது வரும், எதில் தயங்கும் என்று ஆசிரியரிடம் சொன்னாலே போதும், கண் அந்தப் பக்கம் திரும்ப.

எங்கே இது வேலை செய்யாது

ஆசிரியரும் மனிதர்தான். நாளைக்கு ஐந்தாறு வகுப்பு, ஒவ்வொன்றிலும் வேறு வேறு பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடம், நிரப்ப வேண்டிய படிவம். இதற்கு மேல் அக்கறையும் காட்டு என்று சுற்றறிக்கை அனுப்பினால் அதுவும் இன்னொரு படிவமாகிவிடும். பேர் தெரிந்துகொள்ளும் அளவுக்காவது வகுப்பு சின்னதாக இருக்க வேண்டும், ஒரே ஆசிரியர் குறைந்தது ஓரிரு வருடம் தொடர்ந்து இருக்க வேண்டும். மூன்றாம் டெர்மில் மாற்றிவிட்டால் அதுவரை கட்டிய உறவு போச்சு, புது ஆசிரியர் முதலிலிருந்து தொடங்குவார், பிள்ளை இன்னும் கொஞ்சம் தாமதமாக நம்பும்.

வீட்டில் பசி, போதைப்பொருள், அடிதடி என்று இருக்கிற பிள்ளைக்கு ஆசிரியரின் நல்ல வார்த்தை ஒரு நிழல் தரும், கூரை ஆகாது. அதற்கு மனநல ஆலோசகரும் சமூகப் பணியாளரும் வேண்டும்.

தமிழைப் பொறுத்தவரை இன்னொரு சுவரும் உண்டு. பிரைமரியில் ஆசிரியர் எல்லாவற்றையும் சரியாகச் செய்து, பிள்ளையும் ஆசையாக ஏழாம் கிரேடுக்குப் போய் நின்றாலும், அது சேர்கிற கொலேஜில் தமிழ் வகுப்பு இருக்க வேண்டும். எல்லாக் கொலேஜிலும் இல்லை. கொலேஜின் மேல்வகுப்புத் தேர்வுகளான எஸ்.சி., எச்.எஸ்.சி. வரை தமிழ் எடுக்கலாம், உயர்கல்விக்கு மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் வரை போகலாம் என்று பாதை தாளில் நேராகத்தான் இருக்கிறது. நடுவில் இந்தக் கொலேஜில் எண்ணிக்கை போதவில்லை, அந்தக் கொலேஜில் நேர அட்டவணையில் வேறு பாடத்தோடு மோதுகிறது என்று உடைந்து நிற்கிறது. ஜனவரியில் அந்தப் பிள்ளை தமிழை விட்டது என்று கணக்கில் ஏறும். தமிழ் அந்தப் பிள்ளையை விட்டதற்குத் தனிக் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.